வாளியும் கிணறும்: பிள்ளைகளை விடும் இடத்தில் ஆபத்தை எப்படிப் பார்ப்பது?

மதுரையில் நான் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த குழந்தைகள் காப்பகத்தின் கொல்லையில் ஒரு பழைய கிணறு இருந்தது. பிள்ளையைச் சேர்க்க வரும் அம்மாக்களும் அப்பத்தாக்களும் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான். "டீச்சர், கிணறு கிடக்கே, பயமில்லையா?" கூட்டிப்போய்க் காட்டுவேன். பெரியவர் இடுப்புக்கு மேல் உயர்ந்த சுற்றுச்சுவர், மேலே இரும்புக் கம்பி வலை, வலைக்கு ஒரு பூட்டு, கொல்லைக் கதவுக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள். பார்த்ததும் முகம் தெளிந்துவிடும். திரும்பி வரும் வழியில் குளியலறை. அதற்குள் பாதித் தண்ணீரோடு ஒரு வாளி. அதைப் பற்றி ஒருத்தர்கூடக் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால், முதல் இரண்டு வருடம் அந்த வாளி என் கண்ணிலும் பட்டதில்லை.

சின்னப் பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த இடத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஒரு பொருளால் எவ்வளவு கெடுதல் வர முடியும் என்பது ஒன்று. அந்தக் கெடுதல் இந்தப் பிள்ளைக்கு, இந்த இடத்தில் நேர எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பது இன்னொன்று. கிணறு முதல் கணக்கில் பெரிய ஆபத்து. ஆனால் சுவரும் வலையும் பூட்டும் தாழ்ப்பாளும் தாண்டி ஒன்றரை வயசுப் பிள்ளை அதில் விழ வழி கிடையாது. வாளி பார்வைக்கு ஒன்றுமே இல்லை. ஆனால் அதற்கும் பிள்ளைக்கும் நடுவில் திறந்து கிடக்கும் ஒரு கதவைத் தவிர எதுவும் இல்லை. நாம் பயப்படுவது முதல் கணக்கைப் பார்த்து. விபத்து நடப்பதோ இரண்டாவது கணக்கின்படி.

வாளிக்குள் என்ன நடக்கிறது?

நடக்கப் பழகும் பிள்ளைக்கு உடம்பின் அளவோடு பார்த்தால் தலை கனம். பெரியவர்கள் குனிந்தால் இடுப்பு தாங்கும், கால் ஊன்றும். பிள்ளை வாளியின் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்க்கும்போது பாரம் முன்பக்கம் சாய்ந்துவிடும். தலை உள்ளே, கால் மேலே. கையை ஊன்றி எழுந்திருக்கும் பலம் அந்த வயதில் கிடையாது. மூக்கும் வாயும் மூழ்குகிற அளவுக்கு, அதாவது இரண்டு அங்குலத் தண்ணீர் இருந்தாலே போதும். பாதி நிறைந்த வாளி காலி வாளியைப் போலச் சாய்ந்து கொட்டாது, கனத்தில் அப்படியே நிற்கும்.

சத்தம் கேட்டால் ஓடி வந்துவிடலாம் என்று நினைப்போம். சத்தம் வராது. வாயும் மூக்கும் தண்ணீருக்குள் இருக்கும்போது கத்துவதற்குக் காற்று ஏது? பக்கத்து அறையில் இருப்பவருக்கு எதுவுமே தெரியாமல் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

எங்கள் ஊரில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. குழாயில் தண்ணீர் தினமும் வராத தெருக்களில், வரும் நாளன்று வீட்டில் இருக்கும் குடம், வாளி, டப், டிரம் எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம். தண்ணீர் வந்த மகிழ்ச்சியில் வாசல் திண்ணை வரைக்கும் பாத்திரம் நிற்கும். ஆக, பிள்ளைக்கு ஆபத்து தினமும் ஒரே அளவில் இருப்பதில்லை. தண்ணீர் வரும் நாளில் அது சட்டென்று ஏறுகிறது. எங்கள் காப்பகத்தில் பிறகு வைத்துக்கொண்ட வழக்கம் இதுதான்: மூடியில்லாத பாத்திரத்தில் தண்ணீர் தேக்குவதில்லை, குளித்து முடித்த வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும், குளியலறைத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம், பெரியவர் தோள் உயரத்தில். செலவு ஒரு தாழ்ப்பாளின் விலை.

வாளிக்கு அடுத்து, தரையோடு தரையாகக் கிடக்கும் மூடிகள். சம்ப் என்று நாம் சொல்லும் தரைத்தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, மோட்டார் குழி. 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. படித்த சிறுமி கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்தாள். துருப்பிடித்த இரும்பு மூடி தாங்கவில்லை. அதே வருடம் ஏப்ரலில், நம் மதுரையிலேயே, மழலையர் பள்ளியின் கோடைப் பயிற்சிக்கு வந்த நான்கு வயதுச் சிறுமி தண்ணீர்த் தொட்டியில் விழுந்து இறந்தாள். இரண்டு இடத்திலும் பெரியவர்கள் இருந்தார்கள். மூடி சரியாக இருந்ததா என்பதுதான் கேள்வி. ஒரு மூடியைப் பார்த்தால் மூன்று விஷயம் கவனியுங்கள்: பெரியவர் ஒருவர் ஏறி நின்றால் தாங்குமா, பிள்ளை தள்ளினால் நகருமா, பூட்ட வழி இருக்கிறதா. தகரத்தைப் போட்டு மேலே ஒரு செங்கல் வைத்திருந்தால் அதை மூடி என்று கணக்கில் சேர்க்காதீர்கள். பள்ளத்தை மறைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். திறந்து கிடக்கும் குழியையாவது கண்ணால் பார்க்க முடியும்.

"கவனமாப் பாத்துக்கங்க" என்பது கடைசி வரி

விபத்து நடந்ததும் ஊரே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பாத்துக்கிட்டிருந்தவங்க எங்க போனாங்க?" நியாயமான கேள்விதான். ஆனால் அதோடு நின்றுவிடுகிறோம். பத்துப் பிள்ளைகளை எட்டு மணி நேரம் பார்க்கும் ஒருத்தரின் கண் எவ்வளவு நேரம் தாங்கும்? ஒரு பிள்ளைக்குக் கால் கழுவிவிடும்போது ஒன்பது பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார்கள். மதியம் சாப்பாடு முடிந்த நேரத்தில் யாருக்கும் கண் அசரும். கண்ணை மட்டும் நம்பி நடக்கும் காப்பகம் அதிர்ஷ்டத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பேன்.

அதனால் யோசிக்கும் வரிசை முக்கியம். ஒரு ஆபத்தைக் கண்டால் முதலில் கேட்க வேண்டியது: இது இங்கே இருந்தே ஆக வேண்டுமா? வேண்டாம் என்றால் தூக்கி வெளியே போடு. இருந்தாக வேண்டும் என்றால், பிள்ளைகள் புழங்கும் பக்கத்திலிருந்து தள்ளி வைக்க முடியுமா? அதுவும் முடியாவிட்டால் நடுவில் ஒரு தடுப்பு: பூட்டு, மூடி, கம்பி, தாழ்ப்பாள். இவை எல்லாம் செய்தபின் மிச்சம் இருப்பதற்குத்தான் கண். பெரும்பாலான இடங்களில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. முதலில் ஆயாவைத் திட்டுவார்கள், அப்புறம் ஒரு அறிவிப்பு எழுதி ஒட்டுவார்கள், தாழ்ப்பாள் மட்டும் வராது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் நடந்ததை நம் தலைமுறை மறக்காது. பள்ளிக்கூடத்துத் தீயில் போனது 94 பிள்ளைகள். மதிய உணவு சமைத்த இடத்தில் பற்றிய தீ கூரைக்குத் தாவியது. மேலே கீற்று, வகுப்புகளில் நெரிசல், இறங்கி வரக் குறுகலான படி. அன்றைக்கு அங்கே எத்தனை பேர் கண் விழித்து நின்றிருந்தாலும் கீற்றுக் கூரையில் பிடித்த தீயை என்ன செய்திருக்க முடியும்? பிள்ளைகள் இருக்கும் கட்டிடத்தின் தலையில் கீற்று இல்லாமல், அடுப்பு தனியாகத் தள்ளி இருந்திருக்க வேண்டும். முதல் இரண்டு கேள்விகளும் அங்கே கேட்கப்படவில்லை. இன்றைக்கும் ஒரு காப்பகத்துக்குள் நுழையும்போது நான் பார்ப்பது சமையல் எங்கே நடக்கிறது, வெளியேற இரண்டாவது வழி இருக்கிறதா, அந்தக் கதவுக்கு முன்னால் அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறார்களா என்பதைத்தான். அடுக்கியிருப்பார்கள்.

முட்டி போட்டுப் பார்த்தால்

நீங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் எதுவாக இருந்தாலும், பால்வாடியோ காப்பகமோ அம்மாச்சி வீடோ, ஒரு முறை தரையில் முட்டி போட்டு அறையைச் சுற்றி வாருங்கள். வெட்கப்பட வேண்டாம், கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். நான் முதன்முதலாக இதைச் செய்த நாளில், ஐந்து வருடமாகத் தினமும் கூட்டிப் பெருக்கிய அறையில் இவ்வளவு கண்டேன்: பெஞ்சின் அடியில் பாதி வெளியே வந்த ஆணி, பீரோவுக்கு அடியில் ஒரு ஊக்கு, காய்ந்த புளியங்கொட்டை இரண்டு, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பிளக் பாயிண்ட், மேசை ஓரத்தில் தொங்கும் விரிப்பின் நுனி. அந்த விரிப்பின் மேல்தான் தினமும் என் டீ டம்ளர் இருக்கும். நின்றுகொண்டு பார்ப்பவருக்கு விரிப்பு அழகு, தவழ்கிற பிள்ளைக்கு அது பிடித்து எழுந்திருக்க ஒரு கயிறு.

இந்தச் சோதனையை ஒரு முறை செய்தால் போதாது. பிள்ளை வளர வளர அறை மாறிக்கொண்டே இருக்கிறது. நாலு மாதத்தில் புரளும், அதனால் "கட்டில்ல நடுவுலதான் போட்டேன்" என்பது திடீரென்று ஒரு நாள் பொய்யாகிவிடும். ஏழெட்டு மாதத்தில் தவழும், தரையில் இருப்பதெல்லாம் வாய்க்குப் போகும். ஒரு வயதில் பிடித்து நிற்கும். இரண்டு வயதில் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறும். போன மாதம் எட்டாத அலமாரி இந்த மாதம் எட்டும். நேற்று முடியாததை இன்று அது முதன்முறையாகச் செய்யும், நமக்குச் சொல்லிவிட்டுச் செய்யாது.

பிளக் பாயிண்ட் பற்றி ஒரு வரி: மூடி மாட்டினால் மட்டும் போதாது, மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். கசிவு மின்சாரம் உடம்பில் பாய ஆரம்பித்த நொடியில் அது இணைப்பைத் துண்டித்துவிடும்.

வாய்க்குப் போவது

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வாய்தான் முதல் பள்ளிக்கூடம். எதையும் வாயில் போட்டுத்தான் தெரிந்துகொள்ளும். அதன் மூச்சுக்குழாய் ஏறக்குறைய அதன் சுண்டுவிரல் பருமன்தான். வேர்க்கடலை, பொட்டுக்கடலை, பட்டாணி, சப்போட்டா விதை, சீத்தாப்பழ விதை, முழுத் திராட்சை எல்லாமே அதில் அடைப்பு போல உட்காரும். அரைக்கும் கடைவாய்ப் பல் முழுதாக வர இரண்டரை வயது ஆகும். அதற்கு முன் கடலை கொடுத்தால் பிள்ளை முன்பல்லால் உடைத்துவிட்டு, துண்டை அரைக்காமலே விழுங்கப் பார்க்கும். அப்போது சிரித்தாலோ அழுதாலோ மூச்சோடு உள்ளே போய்விடும்.

ஒரு நாள் எங்கள் காப்பகத்தில், இரண்டு வயசுப் பையன் ஒருவனை விட வந்த தாத்தா அவன் சட்டைப் பையில் வறுத்த கடலையைப் போட்டு அனுப்பியிருக்கிறார், பாசம். பத்து மணிக்கு அவன் ஓடிக்கொண்டே தின்றான். திடீரென்று நின்றான். அழவில்லை, இருமவில்லை. வாய் திறந்திருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை, கண் பெரிசாகிறது. எங்கள் ஆயாம்மா சட்டென்று அவனைக் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கித் தட்டினார். மூன்றாவது தட்டில் கடலை வெளியே வந்து விழுந்தது. அப்புறம் அவன் அழுத அழுகை இருக்கிறதே, அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. ஆயாம்மாவுக்கு அது எப்படித் தெரிந்தது என்றால், ஆறு மாதத்துக்கு முன் ஒரு நர்ஸ் அம்மா வந்து பொம்மையை வைத்து எங்களுக்குச் செய்து காட்டியிருந்தார். அன்று வர முடியாமல் விடுப்பு எடுத்தவள் நான்.

முறை இதுதான். பிள்ளை சத்தமாக இருமினால் இருமட்டும், அதுவே நல்ல மருந்து. இருமலும் அழுகையும் நின்று, உதடு நீலம் பாய்ந்தால் காத்திருக்கக் கூடாது. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ இருக்கும்படி தாங்கி, முதுகில் ஐந்து தட்டு. வரவில்லையா, மல்லாத்தி நெஞ்சின் நடுவில் ஐந்து அழுத்து. மாறி மாறி. ஒரு வயதுக்கு மேல் என்றால் குனிய வைத்து முதுகில் ஐந்து தட்டு, பிறகு பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்குச் சற்று மேலே உள்நோக்கி மேலாக ஐந்து முறை அமுக்க வேண்டும். வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவக் கூடாது, இன்னும் உள்ளே தள்ளிவிடுவோம். இன்னொருவர் அதற்குள் 108-ஐ அழைக்க வேண்டும். படித்ததை வைத்து மட்டும் இதைச் செய்யப் போகாதீர்கள். யாரிடமாவது ஒரு முறை நேரில் கற்றுக்கொள்ளுங்கள், கைக்குத்தான் இது ஞாபகம் இருக்கும்.

சாமி அலமாரியைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. எங்கள் ஊரில் எந்தக் காப்பகத்திலும் ஒரு சாமி படம், அதற்குக் கீழே கற்பூர டப்பா. கற்பூரம் பார்க்கக் கல்கண்டு மாதிரி இருக்கும். கோவிலில் கல்கண்டு வாங்கித் தின்று பழகிய பிள்ளை அதை வாயில் போடாமல் இருக்குமா? சின்னப் பிள்ளைக்குக் கொஞ்சம் கற்பூரமே வலிப்பு வரவழைக்கும். அதே போலத்தான் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய், பினாயில், ஆசிட். குடித்துவிட்டால் நம் ஊரில் உடனே உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பார்கள். மண்ணெண்ணெய்க்கும் ஆசிட்டுக்கும் அது கூடவே கூடாது. மண்ணெண்ணெய் வாந்தியோடு திரும்பி நுரையீரலுக்குள் போகும், ஆசிட் ஏறி வரும் வழியை இரண்டாம் முறை சுடும். டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓடுவதுதான் சரி.

சித்திரைத் திருவிழாவில் விற்கும் மினுமினுக்கும் பொம்மைகளின் அடியைத் திருப்பிப் பாருங்கள். ரூபாய்க் காசு மாதிரி பளபளவென்று ஒரு பட்டன் பேட்டரி. திருகு இல்லாமல் நகத்தால் திறக்கும் மூடி என்றால் அந்தப் பொம்மை காப்பகத்துக்குள் வேண்டாம். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் அங்கே ஓட்டை போடும் அளவுக்குப் புண்ணாக்கிவிடும். "காசுதானே, நாளைக்கு வெளிய வந்துரும்" என்று வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கும் விஷயம் இல்லை இது. எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும், அன்றைக்கே, அப்போதே.

வேலியையும் ஒரு பார்வை பாருங்கள். கிராமத்துப் பக்கம் காட்டாமணக்கு வேலி சாதாரணம். அதன் விதை தின்றால் கடலை மாதிரி ருசிக்கும், பிள்ளைகள் பங்கு போட்டுத் தின்பார்கள், பிறகு கூட்டமாக வாந்தியும் பேதியும். அரளி, ஊமத்தை, குன்றிமணி இருந்தாலும் பிடுங்கிவிடலாம். முதல் கேள்விக்கு இதைவிட எளிய பதில் கிடையாது.

தூளி, கண்மாய்க்கரை

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் என்றால் சுவர் உள்ள இடம் மட்டும் இல்லை. மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க்குப் போனால் வேப்பமரக் கிளையில் சேலைத் தூளி ஆடும், அடியில் நாலைந்து வாண்டுகள் மண்ணில் விளையாடும். அதுவும் காப்பகம்தான். ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகளோ அதற்கு மேலோ வேலையிடத்துக்கு வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவே அமர்த்த வேண்டும் என்று அந்தத் திட்டத்தின் 2005-ஆம் வருடச் சட்டத்தில் எழுதியிருந்தது. அவருக்கும் மற்றவர்களுக்கு உள்ள அதே கூலி. இப்படி ஓர் ஏற்பாடு பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் வயதான ஒருவரைக் கை காட்டிவிட்டு மண் அள்ளப் போய்விடுவார்கள்.

தூளியைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, நானும் அதில் தூங்கியவள்தான். ஆனால் தூளியில் ஆபத்து தூங்கும் கைப்பிள்ளைக்கு மட்டும் இல்லை. அது எழுந்து போனபின் தொங்கும் காலிச் சேலையில் ஐந்து, ஆறு வயது அக்காவோ அண்ணனோ ஏறி ஆடுவார்கள். முறுக்கிவிட்டுச் சுற்றுவார்கள். சேலை முறுக்கிக்கொண்டு கழுத்தில் சுற்றினால் கால் தரையில் பட்டாலும் தப்பிக்க முடியாமல் போகும். நம் மாநில மருத்துவர்கள் இப்படி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளையைத் தூக்கியவுடன் சேலையை மேலே சுருட்டிக் கிளையின் மேல் போட்டுவிட வேண்டும். ஒரு நொடி வேலை. எங்கள் ஆயாம்மா இதைச் செய்யாதவரைப் பார்த்தால், "தூளிய தொங்கவிட்டுப் போறவ வீட்டுல பாம்பையும் விட்டுப் போவா" என்பார்.

கண்மாயில் தண்ணீர் இல்லாத காலத்தில்கூட மண் அள்ளிய குழிகள் இருக்கும். ஒரு மழை பெய்தால் போதும், எல்லாக் குழியும் கலங்கல் தண்ணீரில் சமமாகத் தெரியும், ஆழம் தெரியாது. மரம் தேர்ந்தெடுக்கும்போது நிழலை மட்டும் பார்க்காமல் குழி எந்தப் பக்கம் என்று பார்த்து எதிர்ப் பக்கம் போங்கள். கல்லைப் புரட்டும் விளையாட்டையும் புதர் ஓரத்தையும் தேளுக்கும் விரியனுக்கும் விட்டுவிடலாம்.

2019 அக்டோபரில் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயசுப் பிள்ளை மூடாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்ததை எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்து நாலு நாள் பார்த்தோம். தண்ணீர் வராத போர் ஒன்று உங்கள் தோட்டத்தில் இருந்தால், இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டுப் போய் அதை மூடிவிட்டு வாருங்கள்.

சுட்டால்

மதியம் பால்வாடியில் சாம்பார் அண்டா தரையில் இறங்கும் நேரம்தான் அன்றைய நாளின் மோசமான பத்து நிமிடம். பசியில் பிள்ளைகள் வட்டமாக நெருங்குவார்கள். அண்டா உள்ளே வருவதற்கு முன் பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்திருக்க வேண்டும், பரிமாறுவது தட்டில் ஆறியபின். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள், கடிகாரத்தைப் பார்த்து. பற்பசை, பேனா மை, தோசை மாவு, ஐஸ் எதுவும் வேண்டாம். சின்னப் பிள்ளையின் தோல் மெல்லிசு, நமக்கு "சூடா இருக்கு" என்று படும் தண்ணீர் அதற்குக் கொப்புளம்.

தலை எண்ணுதல், தப்பித்தவை நோட்டு

கண் கடைசி வரிசை என்றேன். அந்தக் கண்ணுக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். இடம் மாறும்போதெல்லாம் தலை எண்ணுவது: உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே, கழிப்பறைக்கு, சாப்பாட்டுக்கு, வேனுக்கு. பிள்ளை காணாமல் போவதும் அடிபடுவதும் பெரும்பாலும் இந்த இடைவெளிகளில்தான். வேன் பின்னால் எடுக்கும்போது ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும், ஓட்டுநரின் கண்ணாடியில் மூன்றடிப் பிள்ளை தெரியாது. பேச்சு வாக்கில் "நீ பாத்துக்க" என்று போகாமல், "சிவப்புச் சட்டை, மஞ்சக் கவுன், இவ, இவன், நாலு பேர் இப்ப உன் கணக்கு" என்று சொல்லி ஒப்படைக்க வேண்டும். இரண்டு பேர் இருக்கும் அறையில்தான் ஒரு பிள்ளையை யாருமே பார்க்காமல் போவார்கள், ஒவ்வொருவரும் மற்றவர் பார்க்கிறார் என்று நினைத்து.

கடலை சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டோம். அட்டையில் "தப்பித்தவை" என்று எழுதினேன். அடிபட்டதை எழுத வேறு பதிவேடு உண்டு. இது அடிபடாமல் போனவற்றுக்கு. "கேட் கொக்கி போடாம இருந்துச்சு, பாப்பா வாசப்படி வரைக்கும் போயிருச்சு." "பினாயில் பாட்டில் கீழ இருந்துச்சு, நான்தான் வச்சேன்." அந்த இரண்டாவது வரியை எழுதிய கையைத் திட்டாமல் இருப்பதுதான் இந்த நோட்டின் முழு ரகசியம். ஒரு முறை நிர்வாகி வந்து படித்துவிட்டு "யார் வச்சது?" என்று கத்தினார். அடுத்த இரண்டு மாதம் நோட்டில் ஒரு வரிகூட இல்லை. காப்பகம் திருந்திவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இவ்வளவையும் படித்துவிட்டுப் பிள்ளையைப் பஞ்சுமெத்தை அறையில் பூட்ட வேண்டாம். எங்கள் வாசலில் ஒரு கொய்யா மரம் இருந்தது, தாழ்ந்த கிளை, அடியில் மணல். நாலு வயசுப் பிள்ளைகள் ஏறுவார்கள், சிராய்ப்பு வாங்குவார்கள். அதை நாங்கள் வெட்டவில்லை. கிளையின் உயரம் பிள்ளைக்குத் தெரிகிறது, பயம் வருகிறது, ஒரு கிளை ஏறி நின்று யோசிக்கிறது, தன் அளவைத் தானே கற்றுக்கொள்கிறது. துருப்பிடித்த மூடி அப்படியா? அதில் பிள்ளை கற்றுக்கொள்ள எதுவும் இல்லை, பார்த்தால் தரை மாதிரியேதான் இருக்கும். பிள்ளை தானே பார்த்து எடைபோடக்கூடிய சவாலை அளவோடு விட்டு வைக்கலாம். அதற்குத் தெரியவே வழியில்லாத ஆபத்தைத்தான் நாம் தேடிப் போய் எடுக்க வேண்டும்.

காப்பகம் பார்க்கப் போனால் சுவரில் வரைந்த மிக்கி மவுஸைப் பார்த்து மயங்காமல் குளியலறையைக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் போன் பக்கத்துச் சுவரைப் பாருங்கள். எங்கள் சுவரில் 108, குழந்தைகளுக்கான 1098, பக்கத்து ஆஸ்பத்திரி எண் எல்லாம் கை அகல எழுத்தில் இருந்தன. அவற்றுக்குக் கீழே எங்கள் சொந்த முகவரியையும் எழுதி வைத்திருந்தோம், கதவு எண், தெரு, எந்தக் கோவிலுக்கு எதிர்ச் சந்து என்பது வரை. கடலை சிக்கிய அன்று 108-க்குப் போன் போட்டது நான்தான். "எந்த இடம்மா?" என்று கேட்டார்கள். பன்னிரண்டு வருடத்தில் ஆறாவது வருடம் அது. தெருப் பெயர் எனக்கு வாயில் வரவில்லை.